அணை உடைகிற படம்

எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்குக் காது போனது. வேறு சமயத்தில் போயிருந்தால் எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தாவது பாதிப் பேச்சைப் பிடித்திருப்பேன். அப்போது ஊரே வாயை மூடிக்கொண்டு திரிந்தது. ஒரு காய்ச்சல் வந்து போன பிறகு, காலையில் எழுந்தபோது வலது காதில் பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது. தண்ணீர் போயிருக்கும், தலையைச் சாய்த்துத் தட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. சில மாதங்களில் இடது காதும் பாதியாகத் தேய்ந்தது. நரம்பு பழுது என்றார் டாக்டர். தடித்த ஒலிகள் தங்கும், கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் போகும் என்றும் சொன்னார். அதைக்கூட அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. கூட வந்திருந்த என் நாத்தனார் செல்போனில் தட்டிக் காட்டினாள்.

டாக்டர் சொன்னபடிதான் ஆனது. பேருந்து உறுமுவது கேட்கும், கண்டக்டரின் விசில் கேட்காது. சாமி புறப்பாட்டில் தவில் கேட்கும், நாயனம் எங்கோ தூரத்தில் இழைவதுபோல் இருக்கும். என் கணவர் நெசவாளர். தறி வீட்டிலேயே இருக்கிறது. அவர் மிதிப்பது, பாயில் படுத்திருக்கும் என் முதுகுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. மனிதர்கள் பேசினால் பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது.

நான் ஒரு பட்டுக்கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் புடவையைப் பிரித்து வீசிக் காட்டுகிற வேலை. கை மட்டும் வேலை செய்தால் போதாது, காதும் வேண்டும். மாமியார் ஒன்று சொல்வார், மருமகள் முணுமுணுப்பாக வேறொன்று சொல்வாள், அந்த முணுமுணுப்பைப் பிடிப்பவள்தான் புடவையை விற்பாள். ஒரு நாள் ஓர் அம்மா வெந்தய நிறம் கேட்டிருக்கிறார். என் காதில் சந்தன நிறம் என்று விழுந்தது. அலமாரியில் இருந்த சந்தன நிறப் புடவைகள் அத்தனையையும் இறக்கி விரித்தேன். அந்த அம்மா முகக்கவசத்துக்குள்ளிருந்து திரும்பத் திரும்ப ஏதோ சொல்ல, நான் திரும்பத் திரும்ப "இருக்குதும்மா, இன்னும் இருக்குது" என்று அடுக்கிக்கொண்டே போனேன். முதலாளி நல்லவர். கோபப்படவில்லை. மறுவாரம் என்னைப் பின்னறைக்கு மாற்றினார். அங்கே புடவையை மடித்து, அட்டை வைத்து, பெட்டியில் போட வேண்டும். அதற்குக் காது வேண்டாம்.

காதுக்கு மெஷின் வாங்கினோம். மாட்டிய முதல் நாள் அடுப்படியில் தட்டு வைக்கிற சத்தம் கத்தி தீட்டுவதுபோல் தலைக்குள் இறங்கியது. பயந்துபோய்க் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன்.

காது போனதில் எது அதிகம் வலித்தது என்று யாராவது கேட்டால், ஒரு வார்த்தையைத்தான் சொல்வேன். "ஒண்ணுமில்ல." நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். யாரோ ஏதோ சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். நானும் ஒரு கணம் சிரித்துவிட்டு, பிறகு மெதுவாக, "இன்னா சொன்னாங்க?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல, விடு." அவர்கள் மேல் தப்பில்லை. சிரிப்பு முடிந்துபோன ஒன்றை மறுபடி கத்திச் சொல்வது யாருக்கும் கஷ்டம்தான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் வந்து சேர்கிற பேச்செல்லாம் தேவையான பேச்சாக மட்டும் ஆகிவிட்டது. சாப்பாடு ஆச்சா. கேஸ் வந்துச்சா. கதவைச் சாத்து. என் கணவர் முன்பே பேச்சு குறைந்தவர். இப்போது சைகையே போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என் கணவரின் ஒரே தங்கை. எனக்குக் கல்யாணம் ஆனபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஏனாத்தூரில் குடியிருக்கிறாள், அங்கேயே ஒரு கல்லூரியில் ஆய்வகத்தில் வேலை. வாயாடி. எங்கள் இரண்டு பேருக்கும் சினிமா பைத்தியம். புதுப்படம், பழைய படம், நல்ல படம், மட்டமான படம் என்று பார்க்க மாட்டோம், மாதத்தில் ஒரு தடவையாவது தியேட்டருக்குப் போய்விடுவோம். வெளியே வந்ததும் சண்டை ஆரம்பிக்கும். கதாநாயகி செய்தது சரியா, அந்த அண்ணன்காரன் அப்படிப் போயிருக்க வேண்டுமா, கடைசியில் அந்தப் பாட்டு எதற்கு என்று வீட்டு வாசல் வரைக்கும் கத்திக்கொண்டே வருவோம். சில நாள் படத்தைவிடச் சண்டைதான் நன்றாக இருக்கும்.

காது போன பிறகு ஒரே ஒரு முறை போனோம். குடும்பப் படம். ஒரு வீட்டுக்குள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். பாதிக் காட்சிகளில் பேசுபவரின் முதுகுதான் தெரியும். அவள் என் இடது காதில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா குனிந்து ஏதோ சொன்னார். சொன்னது எனக்குக் கேட்கவில்லை. என் நாத்தனாரின் முகம் சிவந்ததைத் திரை வெளிச்சத்தில் பார்த்தேன். அதன் பிறகு அவள் எப்போது கூப்பிட்டாலும் தலைவலி என்றேன். அவளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

இப்படியே இருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மழைக்காலம். ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி எடுக்க வேண்டும் என்று என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். துணி எடுத்துத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, முன்னால் போகிற ஆட்டோ தெரியாத மழை. வண்டியை ஒரு தியேட்டரின் முகப்புக்குள் விட்டாள். இரண்டு பேரும் துப்பட்டாவையும் முந்தானையையும் பிழிந்துகொண்டு நின்றோம். எங்களைப் போலவே ஒதுங்கியவர்கள் இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அரை மணி நேரம் ஆகியும் மழை விடவில்லை.

சுவரில் ஒரு போஸ்டர். பெரிய நகரம், அதன் தலைக்கு மேலே மலை உயரத்துக்குத் தண்ணீர், கீழே எறும்புபோல ஓடுகிற ஜனங்கள். தமிழில் குரல் கொடுத்த ஆங்கிலப் படம். நாத்தனார் என் முன்னால் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து திறந்து பேசினாள்.

"அண்ணி, நின்னுக்கினு நனையறதுக்கு உள்ள போயி உக்காரலாம்."

"எனக்குத் தலைவலி."

"பொய் சொல்லாத. போஸ்டரப் பாரு. ஒருத்தனாவது பேசறானா? எல்லாரும் ஓடிக்கினு இருக்கறானுங்க. இதுக்குக் காது இன்னாத்துக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டிக்கெட் வாங்கப் போய்விட்டாள்.

உள்ளே பாதிக்கு மேல் மழைக்கு ஒதுங்கியவர்கள்தான். ஈரத்துணி வாசனை. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு கிராமத்துக் குடும்பம், மாகறல் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. புருஷன், பெண்டாட்டி, அவருடைய தம்பி. மூன்று பேருக்கும் நடுவில் ஒரு பெரிய பொட்டலம் முறுக்கு.

படம் தொடங்கியது. பழக்கத்தில் நான் வாயைப் பார்க்க ஆரம்பித்தேன். முகக்கவசம் போன பிறகு உதட்டைப் படிக்க ஓரளவு கற்றுக்கொண்டிருந்தேன். "ப"வும் "ம"வும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் முன்பின் வைத்து ஊகித்துவிடுவேன். ஆனால் இந்தப் படத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. திரையில் இருப்பவர்கள் ஆங்கிலத்தில் வாயசைக்கிறார்கள், தியேட்டரில் தமிழ் ஒலிக்கிறது. அந்த வாய்க்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு மட்டுமில்லை, அங்கே உட்கார்ந்திருந்த யாருக்குமே அந்த உதடுகளால் பிரயோஜனம் இல்லை.

இது தெரிந்ததும் எனக்குள் ஏதோ தளர்ந்தது. ரொம்ப நாளாக நான் மனிதர்களின் வாயை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைப் பார்க்க நேரம் இருப்பதில்லை, ஒரு வார்த்தை தவறிவிடுமே என்ற பயம். இப்போது பயப்பட ஒன்றும் இல்லை. வாயை விட்டுவிட்டேன். மற்றதையெல்லாம் பார்த்தேன். பனி மூடிய மலை, அதன் நடுவில் பெரிய அணை, அணைக்குள் இருக்கிற அறையில் ஒரு கிழவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஒரு முள்ளைப் பார்க்கிறார். முள் நடுங்குகிறது. அவர் தோள் தொங்கிவிட்டது. அவர் யாருக்கோ போன் செய்கிறார். அந்தப் பக்கம் தாடி வைத்த ஒருவன் போனைப் பார்த்துவிட்டு எடுக்காமல் கவிழ்த்து வைக்கிறான். அவன்தான் கதாநாயகன் என்று தெரிந்தது, ஏனென்றால் மழைக் கோட்டு போடாமல் மழையில் நின்றான்.

அவனுக்கு ஒரு மனைவி, விட்டுப் போனவள். ஒரு பெண். நல்ல கோட்டு போட்ட இன்னொருவன் அந்த மனைவியோடு நிற்கிறான். அந்தக் கோட்டுக்காரன் இடைவேளைக்குப் பிறகு சாவான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

நாத்தனார் வழக்கம்போல என் இடது காதுப் பக்கம் சாய்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அண்ணி, இவன் உருப்படியா ஒண்ணும் பேசல. 'நம்மகிட்ட நேரம் இல்ல'ங்கறான். அவ, 'எவ்ளோ நேரம் இருக்கு'ங்கறா. இவன் மறுபடி, 'நேரம் இல்ல'ங்கறான்."

"பரவால்ல, சொல்லு."

"இத்தயா?"

"ஆமா. எல்லாத்தயும் சொல்லு."

அந்த நேரத்தில்தான் பூமி அதிர ஆரம்பித்தது. திரையில் முதலில் ஒரு காபிக் கோப்பை நடுங்கியது. பிறகு பாலம், பிறகு கட்டடம். தியேட்டரில் சத்தத்தை முழுக்கத் திறந்துவிட்டிருக்க வேண்டும். முன்வரிசைக்காரர் முறுக்குப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். அந்த இரைச்சலில் நாத்தனார் கிசுகிசுக்க வேண்டியிருக்கவில்லை. முழுக் குரலில் கத்தினாள். அவளைத் திரும்பிப் பார்த்து முறைக்க யாரும் இல்லை, யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

"'எல்லாரும் ஓடுங்க'ங்கறான்!"

"ஓடிக்கினுதானே இருக்காங்க!"

"அதான்! ஓடறவன்கிட்டயே ஓடுன்னு சொல்றான்! இப்ப அந்தக் கோட்டு, 'இது எப்படி சாத்தியம்'ங்கறான்! இப்ப நாயி கொலைக்குது! இப்ப அவ, 'கடவுளே'ங்கறா!"

நாய் குரைப்பதைக்கூடச் சொன்னாள். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, நாய் பேருந்தின் கூரைமேல் நின்று குரைப்பதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் அவசியமில்லாத ஒன்றை ஒருவர் சொல்லி எத்தனை காலம் ஆகியிருந்தது என்று அப்போது நினைத்தேன். இந்தப் படத்தின் வசனம் பூராவும் அவசியமில்லாதது. அத்தனையும் எனக்கு வந்து சேர்ந்தது. நல்ல வசனம் எழுதியிருந்தால் அவள் திணறியிருப்பாள், நானும் பாதியில் சலித்துப்போய் வேண்டாம் விடு என்றிருப்பேன். இவர்கள் பேசியதைச் சொல்ல ஒரு மூச்சு போதுமாக இருந்தது.

பிறகு அணை உடைந்தது.

முதலில் ஒரு கீறல். மயிரிழை போல. அப்புறம் அது கிளை விட்டது. அந்த நேரத்தில் தியேட்டரே அமைதியாகிவிட்டது என்பது முன்வரிசைக்காரர்கள் முறுக்கு மெல்லுவதை நிறுத்தியதில் தெரிந்தது. அடுத்த நொடி சுவர் பிளந்து தண்ணீர் எழுந்தது. அந்தச் சத்தம் என் உள்ளங்காலில் ஏறியது. செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன், சிமெண்டுத் தரை நடுங்கியது. நாற்காலியின் இரும்புக் கைப்பிடி நடுங்கியது. விலா எலும்பு நடுங்கியது. அதற்குப் பிறகு, என்ன என்று நான் புரிந்துகொள்வதற்கு முன்பே, காதுக்குள்ளும் வந்தது. பஞ்சுக்கு அப்பாலிருந்து இல்லை. ஊகம் இல்லை. செத்துப்போனது என்று நான் விட்டுவிட்ட வலது காதில்கூட, பெரிய, கனத்த, உருண்டு வருகிற சத்தம். தண்ணீரின் சத்தம் என்று நான் நினைத்துப் பார்க்கத் தேவையே இல்லாமல் தண்ணீரின் சத்தமாகவே கேட்டது.

"கேக்குது!" என்று கத்தினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏய், எனக்குக் கேக்குதுடி!"

அவள் திரும்பினாள். "இன்னா?"

"கேக்குது!"

"இன்னா சொல்ற? கேக்கல!" என்று தன் காதைக் காட்டினாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்த கணம் அவள் முகத்தில் தெரிந்தது. சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. திரையில் பாலங்களும் கார்களும் அடித்துக்கொண்டு போயின. நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

இடைவேளையில் விளக்கு போட்டதும் முன்வரிசைக்காரர் தம்பியிடம் ஏதோ சொன்னார், அந்த வரிசையே சிரித்தது. நான் நாத்தனாரைப் பார்த்தேன். என்ன என்று வாய் திறந்து கேட்கவில்லை, பார்த்தேன். அவள் உடனே சொன்னாள்: "'இதுல கால்வாசி பாலாத்துல வந்தா போதும்'ங்கறாரு." நான் சிரித்தபோது அவர் திரும்பி, எங்களுக்கும் முறுக்கு நீட்டினார். அவருக்கு அணைக்கட்டில் ஒரு சந்தேகம் இருந்தது. அவ்வளவு பெரிய அணைக்கு மதகே காட்டவில்லையே, எப்படிக் கட்டினார்கள் என்று நாத்தனாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதையும் அவள் எனக்குச் சொன்னாள்.

பிற்பாதியில் படம் இன்னும் மோசமானது. வெள்ளம் போதாதென்று தீயும் பிடித்தது. கோட்டுக்காரன் நான் நினைத்த இடத்தில் நினைத்தபடி செத்தான். பேருந்துக் கூரை நாய், மூன்று தெரு தாண்டி ஒரு மரத்தில் உயிரோடு இருந்தது. கடைசியில் அணைக்குள் மிச்சமிருந்த ஒரு கதவை யாராவது உள்ளே இருந்து திறக்க வேண்டும். அந்தக் கிழவர் போனார். தாடிக்காரன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையால் அடித்தான். கிழவர் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது மழை தூறலாகியிருந்தது. எதிரில் ஒரு டீக்கடை. பெஞ்சில் ஒருவரைப் பார்த்து ஒருவர் உட்கார்ந்தோம். அவள் டீயை ஊதிக்கொண்டே, "ஏன் அண்ணி, அவ்ளோ அழுத?" என்றாள்.

"அழாம? பெத்த அப்பன் அப்படிப் போறாரு."

"அப்பனா?"

"அந்தக் கெழவரு. மகன் போனை எடுக்கல பாரு ஆரம்பத்துல. எத்தினி வருஷமோ பேசாம இருந்திருக்காங்க. கடைசில கண்ணாடில கை வைக்கறப்பதான் மன்னிச்சான்."

அவள் டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். "அண்ணி, அவரு மேலதிகாரி. இவன வேலைய விட்டுத் தூக்கனவரு. கண்ணாடில கை வெச்சிக்கினு இன்னா சொன்னாரு தெரியுமா? 'ரிப்போர்ட்ட மேலிடத்துக்கு அனுப்பு'ன்னாரு."

"போடி. அப்பன்தான்."

"நான் காதால கேட்டேன்!"

"நான் கண்ணால பாத்தேன்!"

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நாங்கள் நிறுத்தவில்லை. அப்படியானால் அவன் ஏன் அழுதான் என்று கேட்டேன். அழத் தெரியாத நடிகன், முகம் கோணியது உனக்கு அழுகையாகத் தெரிந்தது என்றாள். நாய் எப்படி மரத்தில் ஏறியது என்று அவள் கேட்டாள். தண்ணீர் ஏற்றியது என்றேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கதை எழுதினவனைக் கூப்பிட்டு உன் கதையை வாங்கிக்கொள்ளச் சொல்லலாம், அதுதான் நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு மறுபடி, "ஆனா அப்பன் இல்ல" என்றாள்.

சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. எனக்குக் காது போன பிறகு யாரும் என்னோடு சண்டை போட்டதில்லை. எல்லோரும் என்னிடம் நல்லவர்களாக ஆகிவிட்டார்கள். நான் தப்பாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதை அவளிடம் சொன்னேன். "ஒண்ணுமில்ல" என்று கேட்டுக் கேட்டு எப்படிக் குறுகிப்போனேன் என்பதையும் சொன்னேன். என் குரல் எவ்வளவு சத்தமாக இருந்தது என்று தெரியவில்லை. டீ ஆறிப்போனது.

அவள் ஆறிய டீயைக் கீழே ஊற்றிவிட்டு, "நானும் சொல்லிக்கீறேன் இல்ல, அந்த ஒண்ணுமில்ல?" என்றாள்.

"எல்லாரும்தான்."

"அண்ணனும்?"

நான் சிரித்தேன். "உங்க அண்ணன் அதக்கூடச் சொல்றதில்ல."

அன்று சாயங்காலம் வீட்டில் கணவர் தறியில் இருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கேட்காமலே கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அணை, கிழவர், போனை எடுக்காத மகன். என் கதையைத்தான் சொன்னேன். அவர் நூல் ஓடத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிந்துகொண்டே இருந்தார். கிழவர் கதவைத் திறக்க உள்ளே போகிற இடத்தில், தறி மிதிக்கிற கால் நின்றது. நூலைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பி, "அப்பறம்?" என்றார். உதட்டில் தெளிவாகப் படித்தேன். கண்ணாடியில் கை வைத்ததைச் சொன்னேன். அவர் தறியில் நீண்டிருந்த பாவு நூலை ஒரு முறை தடவிவிட்டார். "நல்ல படம்தான்," என்றார்.

நாத்தனார் அண்ணனிடம் தனியாக ஏதோ பேசியிருக்க வேண்டும். என்ன பேசினாள் என்று இருவரும் சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் தறியைவிட்டு எழுந்து வந்து என் எதிரில், வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்தார். வேலை நேரத்தில் எழுந்து வருகிறவர் இல்லை. ஏதோ கெட்ட சேதி என்று என் கை நின்றுவிட்டது.

"எதிர் வூட்டுக்காரரு மீசைய எடுத்துட்டாரு," என்றார்.

"இன்னாத்துக்கு?"

"தெரில. முகம் சின்னதாப் பூடுச்சி."

"இத்த சொல்லவா எழுந்து வந்தீங்க?"

"ஆமா," என்று சொல்லிவிட்டு, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தார். இல்லை போலிருக்கிறது. எழுந்து போய்விட்டார். நான் கீரையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தேன். எனக்கு அழுகையும் வந்தது.

அணை உடைந்த சத்தம் கேட்டதைப் பற்றி நாத்தனார் சும்மா விடவில்லை. பீரோவிலிருந்த மெஷினை எடுத்துக்கொண்டு என்னை மறுபடி அந்தக் காது மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். மெஷினைச் சரிபார்க்கிற பெண், நான் அதை ஒரே நாள் போட்டுவிட்டுக் கழற்றியதைக் கேட்டு, எல்லோரும் செய்வதுதான் என்றாள். கம்ப்யூட்டரில் மாட்டி ஏதோ குறைத்தாள், ஏதோ கூட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழகணும், ரொம்ப நாள் கேட்காத சத்தத்தை மூளை மறந்திருக்கும், மெதுவாகத்தான் நினைவு வரும் என்றாள். முதலில் வீட்டில் மட்டும் போட்டேன். தட்டுச் சத்தம் தட்டுச் சத்தமாக ஆவதற்கே வாரங்கள் பிடித்தன. குழாயில் தண்ணீர் சொட்டுவது ஒருநாள் கேட்டது. என்ன சத்தம் என்று தேடி வீட்டைச் சுற்றி வந்தேன்.

எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. கூட்டத்தில் இன்றும் தடுமாறுகிறேன், நாயனம் இன்னும் முழுசாக வரவில்லை. ஆனால் முதலாளியிடம் போய், கூட்டம் குறைவான காலை நேரத்தில் மட்டும் என்னை மெத்தையில் உட்காரவிடுங்கள் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். இப்போது வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "எனக்குக் காது கொஞ்சம் மந்தம்மா. என் முகத்தப் பாத்துப் பேசுங்க, எந்தக் கலர் வேணுமோ கொண்டாந்து போடறேன்." மறைத்துக்கொண்டிருந்தபோது எரிச்சல்பட்டவர்கள், சொன்ன பிறகு பொறுமையாகப் பேசுகிறார்கள். ஓர் ஆந்திரக் குடும்பம் தெலுங்கிலும் சைகையிலுமாகப் பேசி ஒரு முகூர்த்தப் பட்டு வாங்கிப் போனது. போகும்போது அந்தக் கல்யாணப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் படம் எங்கள் ஊரில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. நாத்தனார் வேலை செய்கிற கல்லூரியில் பையன்கள் அதை வைத்துக் கேலி செய்துகொண்டிருந்தார்களாம். கதையே இல்லை, வசனம் எழுதினவனுக்குத் தண்டனை கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்களாம். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து அந்த வசனங்களை எழுதியவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர் அவசரத்தில் எழுதியிருக்கலாம், அல்லது அவருக்கு அவ்வளவுதான் வந்திருக்கலாம். அந்த வார்த்தைகளை அள்ளி என் காதில் கொட்ட ஒருத்தி இருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. சத்தத்தை அவ்வளவு தூரம் திறந்துவிட்ட ஆபரேட்டரையும் நினைத்துக்கொள்கிறேன். நன்றி சொல்ல இவர்கள் யாரும் எதிரில் இல்லை.

இப்போது மூன்று பேராகப் போகிறோம். பூமி பிளக்கிற படம், எரிமலை வெடிக்கிற படம், வானத்திலிருந்து கல் விழுகிற படம், எது வந்தாலும் நாத்தனார் செல்போனில் தகவல் அனுப்பிவிடுவாள். போன மாதம் பார்த்தது பனியில் உலகம் உறைகிற படம். மெஷின் போட்டிருந்தேன். ஊரெல்லாம் உறைந்துபோன பிறகு ஓர் அப்பாவும் மகளும் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாழ்க்கையைப் பற்றி நீளமாகப் பேசிக்கொள்கிற காட்சி. சத்தமே இல்லாத காட்சி. நான் ஒவ்வொரு வார்த்தையாகப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தேன். அப்போது வலது பக்கத்திலிருந்து சீரான, தடித்த ஒரு சத்தம் வந்தது. தியேட்டர் ஸ்பீக்கர் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் என் கணவர். தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குறட்டை. நாத்தனார் கையை நீட்டி அவரை எழுப்பப் போனாள். வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அப்பாவும் மகளும் பேசி முடிக்கிற வரைக்கும் நான் அவர் குறட்டையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.